இந்தப் பக்கத்துக்குப் பொறுப்பு யார்?

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இரண்டு வரிகள். முதல் வரியில் எழுதியவரின் பெயர். இரண்டாவது வரியில் 'பொறுப்புத் தொகுப்பாளர்' என்று இன்னொரு பெயர். புனைபெயர் கிடையாது, 'ஆசிரியர் குழு' என்ற போர்வையும் கிடையாது. இன்ன பல்கலைக்கழகத்தில் இன்ன ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் என்று தேடிப் பிடித்துவிடக்கூடிய மனிதர்களின் பெயர்கள். அதற்குப் பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது. கேஸிபீடியா என்ற கலைக்களஞ்சியத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதில் பாதி இந்த இரண்டு வரிகளைப் பற்றித்தான்.

இலக்கிய இதழில் இதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கேஸிபீடியா 2007இல் தொடங்கியது. மாவுச்சத்து, சர்க்கரை, மரநார் போன்றவற்றின் மேல் வேலை செய்யும் நொதிகளைப் பற்றி மட்டும் பேசுவது. சோற்றை விழுங்காமல் கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தால் இனிக்கும், தெரியுமில்லையா? எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை வெட்டிச் சின்னச் சின்ன சர்க்கரையாக்குகிறது. அந்த அமைலேஸுக்கு அங்கே ஒரு குடும்பப் பெயர் உண்டு: ஜிஎச் 13. இப்படி வெட்டுகிற நொதிகளுக்கு மட்டும் இன்று 180க்கும் மேற்பட்ட குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை எழுதுபவர் அந்த நொதியைக் கையாண்டு ஆராய்ச்சி செய்தவர். யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து திருத்திவிட முடியாது. எழுதியது பெரும்பாலும் இளம் ஆய்வாளராக இருப்பார், பொறுப்பு ஏற்பது மூத்தவராக இருப்பார். வேலை முடியாத பக்கத்தில் 'வேலை நடக்கிறது' என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். தொகுப்பாளர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த அறிவிப்பு போகும்.

நான் தமிழ் படித்தவன். அறிவியலை ஐந்தாம் படிவத்தோடு விட்டாச்சு. உயிர்வேதியியல் படிக்கும் அக்கா மகள் ஒரு நாள் இதைத் திறந்து காட்டினாள். "மாமா, யார் எழுதினதுன்னு கீழே போய்த் தேட வேணாம். மேலேயே இருக்கு. சந்தேகம்னா அவங்களுக்கே எழுதிக் கேக்கலாம்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறு பற்றி நாம் படிக்கும் எத்தனை கட்டுரைகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும் என்று எனக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்துகொண்டது.

முதலில் இதை ஒரு எழுத்தாகவே பார்ப்போம். நடை வறட்சி. உவமை இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. எல்லாப் பக்கத்துக்கும் ஒரே எலும்புக்கூடு: இந்தக் குடும்பம் எதன் மேல் வேலை செய்கிறது, எப்படி வெட்டுகிறது, வெட்டும் இடத்தில் எந்த அமினோ அமிலங்கள் நிற்கின்றன, முப்பரிமாண வடிவம் என்ன. அதற்கடுத்து வருகிற பகுதிதான் எனக்குப் பிடித்தது. 'குடும்பத்தின் முதல்கள்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். முதலில் கண்டவர் யார் என்று மொட்டையாக அங்கே கேட்பதில்லை. வினையின் திசையை முதலில் நிறுவியது யார், வெட்டில் பங்கெடுக்கும் அமினோ அமிலத்தை முதலில் அடையாளம் கண்டது யார், வடிவத்தை முதலில் தீர்த்தது யார் என்று தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆய்வுக் கட்டுரையை வைக்கிறார்கள்.

நமக்கும் 'முதல்' என்றால் உயிர். முதல் நாவல், முதல் சிறுகதை, முதல் புதுக்கவிதை. மலேசியாவின் முதல் தமிழ் நாவல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது வெங்கடரத்தினம் எழுதி 1917இல் வந்த 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'. எந்த அளவுகோலில் முதல்? இங்கே அச்சானது என்பதாலா, இங்கே வாழ்ந்தவர் எழுதியது என்பதாலா, இந்த மண் கதைக்குள் வருகிறது என்பதாலா? மூன்றும் மூன்று வேறு கேள்விகள். மூன்றுக்கும் வெவ்வேறு விடைகள் வரலாம், வந்தாலும் தப்பில்லை. நாம் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கிவிட்டு, பிறகு மேடையில் சண்டை போடுகிறோம். 'குடும்பத்தின் முதல்கள்' போல ஒரு பட்டியல் நம்மிடம் இருந்திருந்தால் பாதிச் சண்டை மிச்சம்.

பெயர் போடுவதால் என்ன ஆகிவிடும் என்பதற்கு முட்டையில் ஒரு கதை இருக்கிறது. கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் லைசோசைம் என்ற நொதி உண்டு. பாக்டீரியாவின் சுவரில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலியை வெட்டும். கண்ணீரிலும் அது இருக்கிறது. அலெக்சாண்டர் பிளெமிங் 1922இல் அதைப் பற்றி எழுதினார். 1965இல் லண்டனில் டேவிட் பிலிப்ஸ் குழு அதன் முப்பரிமாண வடிவத்தைக் கண்டது. ஒரு நொதியின் வடிவம் தெரியவந்தது அதுதான் முதல் தடவை. வடிவம் தெரிந்ததும் அது எப்படி வெட்டுகிறது என்று ஒரு விளக்கமும் வந்தது: வெட்டும் கணத்தில் சர்க்கரை நேர்மின்னூட்டத்தோடு அந்தரத்தில் நிற்கிறது, நொதி அதைத் தொடாமல் பக்கத்தில் எதிர்மின்னூட்டத்தோடு நின்று தாங்குகிறது என்று. அழகான விளக்கம். பாடநூல்கள் அதை எடுத்துக்கொண்டன. ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதி, முப்பது ஆண்டுக்கு மேல் மாணவர்கள் அதைப் படித்தார்கள்.

ஆனா 1953லேயே டேனியல் கோஷ்லண்ட் வேறொன்று சொல்லியிருந்தார். வெட்டிய பிறகும் சர்க்கரையின் அமைப்பு மாறாமல் வைத்திருக்கும் நொதிகள், நடுவில் ஒரு கணம் சர்க்கரையைக் கைகோத்துப் பிடித்துக்கொள்கின்றன, உண்மையான வேதிப்பிணைப்பே உண்டாகிறது என்று. லைசோசைம் இதற்கு விதிவிலக்கு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2001இல் ஸ்டீபன் விதர்ஸ், கிடியன் டேவிஸ் ஆகியோரின் குழுக்கள் அந்தக் கணத்தைத் தந்திரமாக நிறுத்திப் பிடித்துக் காட்டின. கைகோத்துத்தான் இருந்தது. அதற்குப் பிறகும் பழைய விளக்கத்தோடு பாடநூல்கள் வந்துகொண்டிருந்தன. பாடநூலுக்கு ஆசிரியர் உண்டு, ஆனால் அந்த ஒரு பத்திக்குப் பொறுப்பாளர் இல்லை. பக்கம் 212இல் உள்ள மூன்றாவது பத்திக்காக யாருக்கும் ராத்திரி தூக்கம் கெடுவதில்லை. கேஸிபீடியாவில் பெயர் நிற்பவர்களுக்குக் கெடும் என்று நம்புகிறேன். இந்த விதர்ஸும் டேவிஸும் கேஸிபீடியா வட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்த இரண்டு வரிகள் ஏன் அங்கே இருக்கின்றன என்று பிடிபடும்.

அடுத்து, குடும்பம் பிரிக்கும் முறை. இதில்தான் விமர்சனம் எழுதுகிறவனுக்குத் தீனி.

நொதிகளை அவை செய்யும் வேலையை வைத்துப் பிரிப்பது பழைய வழக்கம். மாவுச்சத்தை வெட்டினால் ஒரு எண், மரநாரை வெட்டினால் இன்னொரு எண். 1991இல் பெர்னார் ஆன்ரிசா வேறு வழியில் போனார். நொதி என்ன செய்கிறது என்பதை ஓரமாக வைத்துவிட்டு, அது எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தார். அமினோ அமிலங்களின் வரிசை ஒத்துப்போனால் ஒரே குடும்பம். அப்படி 291 வரிசைகளை 35 குடும்பங்களாகப் பிரித்தார். இன்றைய 180 சொச்சமும் அதன் தொடர்ச்சிதான். வந்த விளைவு விசித்திரமானது. மரநாரை வெட்டும் நொதிகள் ஜிஎச் 5, 6, 7, 9, 45, 48 என்று ஒன்றுக்கொன்று உறவே இல்லாத குடும்பங்களில் சிதறிக் கிடக்கின்றன. அதே சமயம் ஜிஎச் 13 என்ற ஒரே வீட்டுக்குள் வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், வெட்டி வேறு இடத்தில் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே வேலை செய்பவர்கள் சொந்தக்காரர்கள் இல்லை. சொந்தக்காரர்கள் ஒரே வேலை செய்வதும் இல்லை.

மலேசியத் தமிழ்ப் புனைவை நாம் எப்படிப் பிரித்து வைத்திருக்கிறோம்? தோட்டப்புற இலக்கியம், நகர்ப்புற இலக்கியம், சயாம் மரண ரயில் இலக்கியம். எல்லாம் வேலையை வைத்துப் போட்ட எண்கள். கதையில் லயமும் ரப்பர் மரமும் வந்தால் தோட்டப்புறம், அவ்வளவுதான். அந்தக் கதை எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது, அதன் வாக்கியம் யாருடைய வாக்கியத்தின் பேரப்பிள்ளை, தமிழ்நாட்டு வார இதழிடமிருந்து எதை வாங்கியது, மலாய்ச் சிறுகதையோடு எங்காவது கைகுலுக்கியதா என்று வரிசை பார்த்துக் குடும்பம் பிரித்த வேலை எவ்வளவு நடந்திருக்கிறது? பால்வெட்டைப் பற்றி எழுதிய இரண்டு பேர் ஒருவருக்கொருவர் அந்நியராக இருக்கலாம். தோட்டத்தைப் பற்றி எழுதிய ஒருவருக்கும் கோலாலம்பூர் அடுக்குமாடியைப் பற்றி எழுதும் இன்றைய இருபத்தைந்து வயதுக்காரருக்கும் ஒரே வரிசை ஓடலாம். கருப்பொருளை வைத்துக் கருத்தரங்குக் கட்டுரை எழுதுவது சுலபம், அதனால் அதையே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சரி, தமிழில் இப்படி ஒரு களஞ்சியம் இல்லையா? இருக்கிறது. நமக்குக் களஞ்சிய ஆசை ரொம்பப் பழையது. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியாளாகத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' பாண்டித்துரைத் தேவரின் ஆதரவில் 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பதிப்பாக வந்தது. ஒருவர் பெயர், ஒருவர் முதுகு. பிழை இருந்தாலும் அவர் கணக்கில்தான். அடுத்து, அவினாசிலிங்கம் செட்டியாரின் தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனை முதன்மை ஆசிரியராக வைத்து வெளியிட்ட 'கலைக்களஞ்சியம்'. 1954 தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்கள் எழுதினார்கள். நிபுணர்கள் கூடிக் கட்டிய களஞ்சியம் என்ற வகையில் கேஸிபீடியாவுக்கு நம் மொழியில் மூத்த சொந்தம் இதுதான். ஆனால் அச்சு அச்சுதான். 1954இல் வந்த தொகுதிக்கு 1965இல் லண்டனில் நடந்தது தெரிய வழியில்லை. பத்தாவது தொகுதியை இணைப்பாகப் போட வேண்டி வந்ததிலேயே அந்தச் சங்கடம் தெரிகிறது.

2003இல் தமிழ் விக்கிப்பீடியா. இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன் போட்ட அடித்தளத்தில் பெயர் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் கட்டியது. அங்கே கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது: நிபுணர் வரட்டும் என்று காத்திருந்தால் தமிழில் பல துறைகளுக்கு ஒரு பத்திகூட இருந்திருக்காது. 2022இல் ஜெயமோகன் முன்னின்று தொடங்கிய தமிழ் விக்கி மறுகோடியில் நிற்கிறது. அங்கே கதவில் ஆள் உண்டு. பதிவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, சரிபார்த்து முடித்தாயிற்றா என்ற குறிப்பும் பக்கத்தில் உண்டு. மலேசிய எழுத்தாளர்கள், ஆளுமைகள் பற்றி அங்கே சேர்ந்திருக்கும் பதிவுகள் நமக்குப் பெரிய கொடை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் பக்கத்தின் தலையில் அந்த இரண்டு வரிகள் இல்லை. இதை யார் எழுதினார், இதற்கு இன்று யார் பதில் சொல்வார் என்று முகப்பிலேயே தெரிந்தால் அந்தப் பதிவை நான் இன்னும் நம்பிப் படிப்பேன். அதோடு சண்டை போடவும் செய்வேன்.

தமிழில் இதற்குக் கூடுதலாக ஒரு சிக்கல், சொல். நொதி என்ற சொல் நொதித்தலிலிருந்து வந்தது. கள் புளிப்பதும் தோசைமாவு பொங்குவதும் அதற்குள் இருக்கின்றன, அருமையான சொல். ஆனா அது வேலை செய்யும் பொருளின் பெயரை எழுதப் போனால் மூன்று நாடு குறுக்கே வருகிறது. தமிழ்நாட்டில் கார்போஹைட்ரேட், இலங்கைப் பாடநூலில் காபோவைதரேற்று, இங்கே தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வாயில் மாவுச்சத்து. சர்க்கரை என்று எழுதினால் எங்கள் வீட்டில் யாரும் காப்பிக்குப் போடுவதை நினைக்க மாட்டார்கள், நீரிழிவைத்தான் நினைப்பார்கள். காப்பிக்குப் போடுவது சீனி. எந்தச் சொல்லை வைப்பது என்று முடிவெடுக்கவும் பெயரோடு ஒரு ஆள் வேண்டும். பெயரில்லாத இடத்தில் சொல் சண்டை முடிவதே இல்லை.

கேஸிபீடியாவின் மேல் எனக்கு விமர்சனம் இல்லாமல் இல்லை. அது ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. அது ஒரு சின்ன வட்டம். ஒருவரை ஒருவர் தெரிந்த, ஒருவர் மாணவருக்கு இன்னொருவர் வேலை கொடுக்கிற வட்டம். எழுதுவதற்குச் சம்பளம் கிடையாது, ஆகவே நேரம் கிடைத்தவர் எழுதினார், கிடைக்காதவரின் குடும்பம் காலியாகவே கிடக்கிறது. பொறுப்பாளர் ஓய்வு பெற்றுப் போனால் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும், தலையில் பெயர் மட்டும் பளபளவென்று இருக்கும். அந்த நிலையில் கையெழுத்தே ஒரு பொய் உத்தரவாதம் ஆகிவிடும். நம் ஊரில் பெயர் ஆசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பொன்னாடைக்குப் பெயர் தரத் தயாராக இருப்பவர்கள் பிழைக்குப் பெயர் தருவார்களா என்பது தனிக் கேள்வி.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, யார் நிபுணர் என்பது. நொதி விஷயத்தில் விடை சுலபம். அந்தக் குடும்பத்தின் மேல் வேலை செய்து வெளியிட்டவர். நம் விஷயத்தில்?

நான் இருப்பது சிம்பாங் அம்பாட். பினாங்கு என்றதும் எல்லோரும் நினைக்கும் தீவில் இல்லை, செபராங் பிறையின் தெற்கில், பெருநிலத்தில். இங்கிருந்து பத்து காவான் போகும் வழியில் இன்று தொழிற்சாலைகள், 2014இல் திறந்த இரண்டாவது பாலத்துக்கான விரைவுச்சாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பக்கமெல்லாம் கரும்பு. பத்து காவானில் முதலில் சீனர்கள் பயிரிட்டார்கள். நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பியத் தோட்டங்கள் வந்தன. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மலாயாவில் தமிழனின் தோட்ட வாழ்க்கை என்றதும் ரப்பர் மரம்தான் கண்ணில் வரும். இந்த மாநிலத்தில் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே கரும்புக் காட்டில் அது தொடங்கிவிட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்குள் கரும்பும் ரப்பருக்கு வழிவிட ஆரம்பித்திருந்தது.

இங்கேதான் நொதி திரும்ப வருகிறது. வெட்டிய கரும்பைப் போட்டு வைக்க முடியாது. கரும்புக்குள்ளேயே இன்வர்டேஸ் என்ற நொதி இருக்கிறது, கேஸிபீடியா கணக்கில் ஜிஎச் 32. வெட்டிய நேரத்திலிருந்து அது கரும்பின் சீனியை குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைத்துக்கொண்டே இருக்கும். உடைந்தது படிகமாகாது, முதலாளிக்கு நட்டம். அதனால் வெட்டு, கட்டு, ஏற்று, ஆலைக்கு ஓடு. பருவம் வந்தால் நின்று மூச்சு வாங்க நேரம் இருக்காது. அந்த அவசரத்தை உடம்பில் வாங்கியவர்கள் நம் ஆட்கள். அந்த நொதி எப்படி வெட்டுகிறது, எந்த அமினோ அமிலம் அதில் பங்கெடுக்கிறது என்று ஒரு பக்கம் இருக்கிறது. மைக்கேலிஸும் மாட் மென்டனும் 1913இல் பெர்லினில் இன்வர்டேஸை வைத்துத்தான் நொதி வினையின் வேகத்துக்குச் சூத்திரம் கண்டார்கள், உலகம் முழுக்க மாணவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடிய கால்களைப் பற்றி, தோட்டம் தோட்டமாக, பெயரும் ஆண்டும் வைத்துத் தமிழில் ஒரு பக்கம் வேண்டும். அதற்குத் தோட்ட நிறுவனங்களின் பழைய கணக்குப் புத்தகங்களை ஆங்கிலத்தில் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். 'பிரட்டு' என்றால் என்ன, 'நிரை' என்றால் என்ன என்று அகராதி பார்க்காமல் சொல்லத் தெரிந்தவர் இன்னொருவர் வேண்டும். இரண்டாமவருக்குப் பட்டம் இருக்காது. எழுபத்தைந்து வயது இருக்கும். விடிகாலை இருட்டில் பெயர் கூப்பிடும்போது வரிசையில் நின்றவர் அவர். கரும்புக் காலம் அவர் பாட்டியின் கதையாக அவரிடம் இருக்கலாம், ரப்பர் காலம் அவர் கையிலேயே இருக்கிறது.

கேஸிபீடியாவின் அந்த இரண்டு வரி அமைப்பு இந்த இடத்துக்கு அப்படியே பொருந்துவதாகத்தான் எனக்குப் படுகிறது, ஆள் மட்டும் மாறும். எழுதியவர்: கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். பொறுப்பு: அவளுடைய பாட்டி, வயது, எந்தத் தோட்டம், எத்தனை வருஷம் பால் வெட்டினார் என்ற விவரத்தோடு. பாட்டி படித்துப் பார்க்க முடியாது, பேத்தி வாசித்துக் காட்டட்டும். 'இது இப்படி இல்லடி, மங்க அப்படி வைக்க மாட்டோம்' என்று பாட்டி சொன்னால் பக்கம் மாறட்டும். அதுவரை அதன் தலையில் 'வேலை நடக்கிறது' என்றே இருக்கட்டும். இதைச் செய்யப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு தோட்டத்துக்கு ஒரு பக்கம், ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம், இருபது பேர் போதும். இதைப் படிப்பவர்களில் நிபோங் திபால், சுங்கை பாக்காப், ஜாவி பக்கம் வீடு இருப்பவர்கள் சிலராவது இருப்பீர்கள். 'பிரட்டு' பக்கத்தை நான் எழுத ஆரம்பித்திருக்கிறேன். இரண்டாவது வரி இன்னும் காலியாக இருக்கிறது. என் தெருவிலேயே இருக்கும் ஒரு பெரியம்மாவிடம் கேட்டேன், "எம் பேரையா போடப் போற?" என்று சிரித்தார். தைப்பூசம் முடியட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.